இறக்கத்தில் நின்ற வெள்ளைக் கார்

என் ஃபோனில் மெசேஜ் சத்தம் கேட்டால் அதை முதலில் படிப்பது என் வயிறு. கண்ணுக்கு அது வந்து சேர்வது அப்புறம்தான். எட்டாம் வகுப்பில் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இங்கிலீஷில் வந்ததை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் உள்ளே என்னென்னவோ நடந்துவிடும். என் வீட்டுக்காரரை ரோட்டோரத்தில் கிடத்தி, கூட்டம் கூட்டி, ஆம்புலன்ஸை வரவழைத்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு யாருக்கு முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். கடைசியில் பார்த்தால் ரீசார்ஜ் முடியப்போகிறது என்று கம்பெனிக்காரன் அனுப்பியிருப்பான்.

அவர் ஓட்டுவது கள்ளு வண்டி. மலையாள எல்லையில் எங்கள் நல்லேப்பிள்ளியிலும் அதைச் சுற்றியுள்ள தோப்புகளிலும் இறக்குகிற கள்ளுதான் திருச்சூருக்கும் அதற்குத் தெற்கேயும் லைசென்ஸ் உள்ள கள்ளுக்கடைகளுக்குக் கடை கடையாகப் போகிறது. காலையில் இறக்கியதைக் கேன்களில் ஊற்றி, பிக்கப் வண்டியில் ஏற்றி, வெயில் சுடுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நேரமானால் நுரை கேன் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், புளிப்பு ஏறிவிடும், கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். கள்ளு வண்டி வருகிறது என்றால் ரோட்டில் போகிறவர்கள் தாமாகவே ஓரம் கட்டுவார்கள்.

எனக்குக் கல்யாணம் பேசும்போது, "கள்ளு வண்டி ஓட்டறவருக்கா புள்ளையக் குடுக்கறீங்க?" என்று உறவில் கேட்டார்களாம். என் அப்பா நாலு பேரிடம் விசாரித்து, மாப்பிள்ளை கள்ளை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார் என்று தெரிந்துகொண்டுதான் சம்மதித்தார். அவருடைய வாயைப் பற்றி எனக்கு எந்நாளும் பயம் இருந்ததில்லை. என் பயமெல்லாம் அவருடைய வலது காலைப் பற்றித்தான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. நான் பிறந்த வீட்டு வாசலில் ரோடு ஒரு வளைவு வளையும். வாய்க்கால் பாலத்தில் ஏறி வருகிற வண்டிக்கு இந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. அங்கே ஒரு லாரி என் தம்பியை இடித்தது. அவன் இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறான். அவனைத் தூக்கி வைக்க, இறக்கி வைக்க ஆள் வேண்டியிருந்ததால் அந்த வருஷம்தான் என் படிப்பும் நின்றது. அந்த லாரிக்காரர் குடித்திருக்கவில்லை. கெட்ட மனுஷனும் இல்லை, ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார். கால் கொஞ்சம் அதிகமாக அமுங்கிவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் பிக்கப் வண்டி என் பேரில் இருக்கிறது. வேலந்தாவளத்து ஜோசியர் ஒருவர், வீட்டுக்காரர் பேருக்கு இரும்பு ஆகாது, பெண்சாதி பேரில் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார். ஆர்டிஓ ஆபீசில் கொடுத்த ஃபோன் நம்பரும் என்னுடையதுதான், ஏனென்றால் அவர் ஃபோனை எங்காவது வைத்துவிட்டுத் தேடுகிற ஆள். இப்படியாக, ரோட்டில் அவர் செய்கிற தப்பெல்லாம் மாட்டுக் கொட்டகையில் நிற்கிற எனக்கு வந்து சேர்வது என்று ஆயிற்று.

முதல் அபராத மெசேஜ் வந்தபோது அவர் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, வேகமாப் போனீங்களாமா?"

"ஆரு சொன்னா?"

"கவர்மெண்டு சொல்லுது. ஆலத்தூரு தாண்டி எறக்கத்துலயாமா."

அவர் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. "எங்கியோ ஒளிஞ்சு நின்னு படம் புடிச்சிருக்கறானுக. மொகத்தக் காட்டி நின்னா நான் மெதுவாப் போயிருக்க மாட்டனா?"

"அப்ப மொகத்தக் காட்டாத எடத்துல வேகமாப் போவீங்களா?"

அதற்கு அவர் ரசம் கேட்டார்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். அந்த மெசேஜ் எனக்கு ஒரு விதத்தில் பிடித்திருந்தது. அவர் காலையில் கிளம்பி மத்தியானம் திரும்புகிற வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது. ஃபோன் செய்தால் வண்டி ஓட்டிக்கொண்டே எடுத்துவிடுவாரோ என்று பயந்து செய்யவும் மாட்டேன். இங்கே பார்த்தால், செவ்வாய்க்கிழமை காலை இந்த நேரத்தில், இந்த இடத்தில் இவர் வண்டி ஓட்டிக்கொண்டு உயிரோடு இருந்தார் என்று அரசாங்கமே எழுதி அனுப்பியிருக்கிறது. அனுப்பியது வெள்ளிக்கிழமைதான். ஆள் என் கண் முன்னால் மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டிருக்கிறார்தான். இருந்தாலும் எழுத்தில் பார்ப்பது ஒரு தெம்பு. எதிரில் வருகிற வண்டிக்காரர்கள் லைட்டை அடித்துக் காட்டி, முன்னால் கேமரா வைத்த கார் நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு அவர்கள் மேல்தான் கோபம் வந்தது. ஒளிந்து நின்று பார்க்கிற அந்தக் கண் என் கண் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மெசேஜும் அதே இறக்கத்தில் இருந்துதான் வந்தது. இந்தத் தடவை எனக்கு விஷயம் முழுசாகத் தெரிய வேண்டியிருந்தது. கடைவீதியில் மளிகைக் கடை ராவுத்தரின் மகள் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறாள். அங்கே போய் ஃபோனை நீட்டினேன்.

"அக்கா, இதுல போட்டோவும் இருக்குது. பாக்கறீங்களா?" என்றாள்.

போட்டோ வரும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. அவள் எதையோ அழுத்தினாள். எங்கள் வண்டியின் மூக்கு திரையில் வந்தது. இன்னும் அழுத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் என் வீட்டுக்காரர். பெல்ட் போட்டிருந்தார், அது ஒரு ஆறுதல். ஆனால் வாய் அகலமாகத் திறந்திருந்தது. கண் இடுங்கியிருந்தது. இடது கை ஸ்டீயரிங்கை விட்டுத் தூக்கினபடி காற்றில் நின்றது.

"கொட்டாவி விடறாருங்க்கா" என்றாள்.

"தூங்கறாரு" என்றேன்.

"அய்யோ, தும்மலாக்கூட இருக்கும்க்கா."

"மொதல்ல வந்ததுலயும் படம் இருக்குமா? அதையும் எடு சாமி."

எடுத்தாள். அதே வாய், அதே கண், அதே கை.

"ரெண்டு தடவையும் அதே எடத்துல தும்மல் வருமா?" என்று கேட்டேன். அவள் படத்தை மூடிவிட்டு மெதுவாக, "அக்கா, இன்னொண்ணு வந்தா லைசென்ஸக் கொஞ்ச நாளைக்கு முடக்கிப் போடுவாங்கன்னு சொல்றாங்க. மாமாகிட்டச் சொல்லி வெய்யிங்க" என்றாள். கள்ளு எடுக்கிற காண்டிராக்டரும் அதையேதான் அவரிடம் சொல்லியிருந்தார்: லைசென்ஸ் போனால் அந்த ஓட்டத்துக்கு வேறு வண்டி வைத்துக்கொள்வேன் என்று. வண்டியும் ஆளும் சும்மா நின்றால் எங்களுக்கு இருப்பது இரண்டு மாடும் நானும்தான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நான் லைசென்ஸைப் பற்றி யோசிக்கவில்லை. மூடின கண்ணோடு இறக்கத்தில் இறங்குகிற வண்டியைத்தான் யோசித்தேன்.

படத்தைப் பிரிண்ட் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். கோபப்படாத மனுஷன் அவர். படத்தைப் பார்த்ததும் காது வரைக்கும் சிவந்து, அதைக் கவிழ்த்து வைத்தார்.

"இத ஆரு பாத்தா?"

"நானும் அந்தப் புள்ளையும்."

"அந்தப் புள்ளையுமா?" தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கொட்டாவிதானுங்களே இது?"

படத்தை நாலாக மடித்தார். பிறகு, "ஆமா. கொட்டாவிதான்" என்றார்.

மறுநாள் காலை அவர் வண்டிக் கதவைத் திறந்தபோது பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். பெல்ட் போட்டுக்கொண்டு. மடியில் ஒரு பை. அதில் ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பி, எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய், கடலை மிட்டாய், நனைத்துப் பிழிந்த துண்டு. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

"எங்க போறதுக்கு?" என்றார்.

"உங்ககூடத்தான். நீங்க தூங்காம பாத்துக்கறதுக்கு."

ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதைக் கொட்டாவி என்று நினைத்து நான் ஈரத்துண்டை நீட்டினேன். வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

ஒரு வாரம் போல அப்படிப் போனோம். அந்த ரோட்டை நான் பகலில் ஒழுங்காகப் பார்த்ததே அப்போதுதான். வயல் பச்சையாக விரிந்து கிடந்தது, தெற்கே மலை நீலமாக நின்றது, ஆனால் நான் பார்த்ததெல்லாம் அவர் முன்னால் இருந்த வேகம் காட்டுகிற முள்ளைத்தான். அது கொஞ்சம் ஏறினால் இருமுவேன். இன்னும் ஏறினால் பேர் சொல்லிச் சாமியைக் கூப்பிடுவேன். அவர் மாட்டு வண்டி மாதிரி ஓட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. கேள்வி கேட்டால் "ம்" என்பார். கள்ளு நுரைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது, கடைக்காரர்கள் கேனைத் திறந்து முகர்ந்துவிட்டு அவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தால் அவர் சாப்பாட்டை அளைந்துவிட்டுப் படுத்துக்கொண்டார். தூக்கம் பாக்கி இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஹைவே ஏறுகிற இடத்தில் ஒரு டீக்கடை. எல்லாக் கள்ளு வண்டியும் அங்கே நின்றுதான் போகும். அன்று எங்களுக்குப் பின்னால் இன்னொரு வண்டி வந்து நின்றது. ஓட்டுகிறவன் எங்கள் பக்கத்துக்காரன்தான், இவரை மாமா என்பான், என்னை அத்தை என்பான். டீயை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தான்.

"என்னங் மாமா, அத்தை வந்ததுல இருந்து ரேடியோ ஓட மாட்டீங்குது? பேட்டரி போயிருச்சா?"

"எங்க வண்டில ஏது ரேடியோ?" என்றேன்.

இவர் அவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவன் கவனிக்கவில்லை. அல்லது கவனித்துத்தான் சொன்னான்.

"அட, தெரியாதுங்களா? மாமா பாடுனா எனக்கு ஹாரனே வேண்டாமுங்கத்தை, முன்னால போற பஸ்ஸே ஒதுங்கும். கும்மில இந்த வருசம் தலைப்பாட்டு மாமாதானுங்களே!"

இவர் டீ கிளாஸைப் பாதியோடு வைத்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் கொஞ்ச வருஷமாகவே கும்மி திரும்பவும் சூடுபிடித்திருக்கிறது. நோம்பித் திருவிழாவுக்காகப் பொழுது சாய்ந்தால் கோயில் மைதானத்தில் ஆணும் பெண்ணுமாக வட்டம் கட்டிப் பழகுவார்கள். தலைப்பாட்டுக்காரர் நடுவில் நின்று பாட, மற்றவர்கள் அடி எடுத்து வைத்துக் கை தட்டுவார்கள். இவரும் போவார் என்று எனக்குத் தெரியும். கடைசி வரிசையில் நின்று கை தட்டிவிட்டு வருகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். மாடு கறக்கிற நேரம், நான் போய்ப் பார்த்ததில்லை.

வண்டி ஹைவேயில் ஏறி நேரானதும் கேட்டேன்.

"கொட்டாவின்னு ஏனுங்க சொன்னீங்க?"

"பின்ன என்ன சொல்றது? வாயப் பொளந்து பாடிட்டு இருக்கறேன்னா? தூங்குனேன்னு சொன்னாக்கூட மானம் போகாது."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

"உங்கிட்டயா?" முதல் தடவையாக அந்த வாரத்தில் அவர் நீளமாகப் பேசினார். "ஊட்டுல ஒரு நாளு ரெண்டு வரி முணுமுணுத்தேன். நீ என்ன பண்ணுன? காய்ச்சலான்னு நெத்தியத் தொட்டுப் பாத்த. தலைப்பாட்டுன்னு சொல்லியிருந்தா தொண்ட கட்டிக்கும்ப, கூட்டத்துல வரி மறந்துட்டா என்னுங்க பண்ணுவீங்கம்ப, ராத்திரி எனக்குத் தூக்கம் இருக்காது. ஏம்புள்ள, ஊட்டுல நீ பாக்கற. தோப்புல காண்டிராக்டர் பாக்கறாரு. கடைல கடைக்காரன் பாக்கறான். எனக்குன்னு இருந்தது இந்தக் கண்ணாடிக்குப் பின்னால இத்துனூண்டு எடம். அதையும் ஒருத்தன் மரத்துக்குப் பின்னால நின்னு படம் புடிச்சு உன்ற கைல குடுத்துட்டான். நீயும் வந்து இதுக்குள்ளயே உக்காந்துட்ட."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தது உண்மை. மாத்திரைகூட எடுத்து வந்தேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு, "பாடுங்க" என்றேன்.

"உன்ற முன்னாலயா?"

"நான் வெளிய பாத்துக்கறேன்."

முந்தானையை இழுத்துத் தலையில் போட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு தடவை தொண்டையைச் செருமினார். பிறகு எங்கிருந்தோ, யாரோ ஒருவருடைய குரல் மாதிரி, மெதுவாக ஆரம்பித்தது. சாமியைக் கூப்பிடுகிற முதல் பாட்டு. இழுத்து இழுத்து, ஒவ்வொரு வரிக்கும் நடுவில் மூச்சு விட இடம் விட்டு. இத்தனை வருஷம் என்னிடம் ரசம் கேட்ட குரலா இது என்று இருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்தது. காற்று அடித்ததனால் என்று வைத்துக்கொள்ளலாம்.

கும்மி என்பது ஒரே ஒரு பாட்டு இல்லை. பூக்கட்டின மாதிரி பாட்டுக்குப் பின்னால் பாட்டாகக் கோத்து வரும். முதலில் நடை, அப்புறம் கொஞ்சம் துரிதம், கடைசியில் ஆடுகிறவர்கள் தரையில் கால் பாவாமல் குதிக்கிற வேகம். அவர் என்னை மறந்துவிட்டார். ஆலத்தூர் தாண்டியது. பாட்டு ஏறியது. இடது கை ஸ்டீயரிங்கை விட்டு எழுந்து தாளத்தை வெட்டியது. படத்தில் பார்த்த அதே கை.

பழக்க தோஷத்தில் நான் முள்ளைப் பார்த்தேன். முள்ளும் ஏறியிருந்தது. கீழே பார்த்தேன். வலது கால் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டிருந்தது. மைதானத்தில் தரையை மிதிக்கிற மாதிரி.

எதிர்ப்பக்கத்தில் வந்த லாரிக்காரர் லைட்டை இரண்டு மூன்று தடவை அடித்தார். இவர் சிரித்துத் தலையை ஆட்டினார்.

"ஏனுங்க, லைட்டு!"

"தாளம் போடறான் அவன்..."

"ஏனுங்க, காலு! காலு!"

காலை எடுத்தார். பின்னால் கேன்கள் ஒன்றோடொன்று முட்டி உருண்டன. இறக்கத்தில் வண்டி மெல்ல வேகம் குறைந்து வரும்போது, இடது பக்கம் மாமரத்து நிழலில், யாரோ களைப்பாற நிறுத்தின மாதிரி ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதற்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்பாக ஏதோ ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சுக்கூட விடாமல், கோயில் தேர் மாதிரி அதைக் கடந்து போனோம்.

கொஞ்ச தூரம் தள்ளி வண்டியை ஓரம் கட்டினார்.

"எடுத்துட்டானா?"

"தெரியலீங்க."

"அப்ப ரெண்டு தடவையும் இதுதானா?" தன்னுடைய வலது காலையே யாரோ ஒருத்தருடையது மாதிரி பார்த்தார். "டீ குடிச்சுட்டு வாயக் கொப்புளிச்சு ஆரம்பிப்பேன். கடைசிப் பாட்டு வர்றப்ப செரியா இந்த எறக்கம். எனக்குத் தெரியவே தெரியாது புள்ள. சத்தியமாத் தெரியாது. எதுத்தாப்புல வர்றவனெல்லாம் லைட்டடிச்சா, நம்ம பாட்டு வெளிய கேக்குதாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்குவேன்."

எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். ஒரு வாரத்துக்கு அப்புறம் அந்த வண்டிக்குள் இரண்டு பேரும் சிரித்தோம். சுக்குக் காப்பியை அப்போதுதான் திறந்தோம்.

"செரி, இனிமே தள்ளி ஆரம்பிச்சுக்கறேன். இந்த எறக்கத்துல சாமி பாட்டு வர்ற மாதிரி" என்றார்.

"கேமராவுக்காவங்களா?"

"பின்ன?"

"அந்தக் கார் நிக்காத எடத்துல கடைசிப் பாட்டு வரும். அங்க ஆராவது ரோட்டக் கடப்பாங்க. எந்தம்பியாட்ட."

அவர் காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, "ஓடற வண்டில சாமி பாட்டு மட்டும். குதிக்கற பாட்டெல்லாம் வண்டிய நிறுத்திட்டு" என்றார். நான் கேட்காமலே என் தலையில் கை வைத்துச் சொன்னார்.

"நாளைல இருந்து நான் வரலீங்க" என்றேன்.

"நெசமாவா?" முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். காது மட்டும் என் பக்கம்தான் இருந்தது. அதிலேயே தெரிந்தது.

அதற்கு அப்புறம் வந்த நாட்கள்தான் எனக்குக் கஷ்டம். அன்றைக்கு அந்தக் கார் எங்களைப் பிடித்ததா இல்லையா என்று மெசேஜ் வந்தால்தான் தெரியும். வந்தால் லைசென்ஸ் போயிற்று, தோப்பு ஓட்டம் போயிற்று, கும்மிக்கு முன்னாலேயே அவர் மனசு உடைந்துபோகும். அதுவும் நான் பாடச் சொல்லிப் பாடினது. ஃபோனை எருமுட்டைக் கூடையில் வைத்தேன், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன், எங்கே வைத்தாலும் கேட்டது. பால் சொசைட்டி மெசேஜ், கேஸ் சிலிண்டர் மெசேஜ், யாரோ எனக்கு லோன் தருகிறேன் என்ற மெசேஜ். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை செத்துப் பிழைத்தேன். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அடுத்த வெள்ளியும் போனது. கம்ப்யூட்டர் சென்டருக்கு நடந்துபோய்க் கேட்டேன். அவள் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "புதுசா ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.

"இனிமே ஏதாச்சும் வந்தாலும் எழுத்த மட்டும் படிச்சுச் சொல்லு சாமி. படத்தத் தொறக்க வேண்டாம்."

"ஏங்க்கா?"

"அது அவரு எடம்" என்றேன். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. சிரித்தாள்.

எனக்கு இந்த விஷயத்தில் இன்னும் தெளிவு இல்லை. அந்த வெள்ளைக் கார் நிற்க வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. எங்கள் வளைவில் அந்தக் காலத்தில் ஒன்று நின்றிருந்தால் என் தம்பி இன்று ஓடுவான், நான் ஒருவேளை பத்தாம் வகுப்பு முடித்திருப்பேன். ஆனால் வேகத்தைப் பார்க்கிற கண் வாயையும் பார்க்கிறது. வேகத்தோடு நிறுத்திக்கொண்டால் நல்லது என்று தோன்றுகிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது அவர் மெதுவாகத்தான் போகிறார் என்று நம்புகிறேன். கடையில் எல்லாம் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது, எங்காவது நிழலில் நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குதிக்கிற பாட்டுகளைப் பாடிப் பார்ப்பார். ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"இன்னைக்கு ஒரு கூத்து. எறக்கத்துக்கு அக்கட்டால நல்ல நெழலுன்னு நிறுத்திப் பாடிட்டிருந்தேன். ஒருத்தரு வந்து கண்ணாடியத் தட்டறாரு. காக்கிச் சட்டை. எனக்கு உசிரே போயிருச்சு."

"அய்யோ! அப்பறம்?"

"முன்னால பொதருக்கு அந்தப் பக்கந்தான் அவிங்க காரு நின்னிருக்குது, நான் பாக்கல. 'நாங்க இங்க மறைஞ்சு நிக்கறோம், நீ பாடிப் பாடி ரோட்டுல போறவனையெல்லாம் இங்க பாக்க வெக்கற, கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாடு' அப்படீங்கறாரு."

"திட்டுனாருங்களா?"

"இல்ல புள்ள. போறப்ப, நல்லாத்தான் பாடறேன்னாரு."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் நெற்றியைத் தொடவில்லை. கை போனது, இழுத்துக்கொண்டேன்.

கோயில் நோம்பியில் கும்மி நடந்தது பொழுது சாய்கிற நேரத்தில். அன்று மாட்டைச் சீக்கிரமே கறந்துவிட்டுப் போனேன். தம்பியும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தான். பெண்கள் ஒரே நிறத்தில் புடவை, ஆண்கள் வேட்டி, வட்டத்துக்கு நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு இவர். வரி மறந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் நினைத்த நேரத்தில் அவர் ஆரம்பித்துவிட்டார்.

சாமி பாட்டு. ரோட்டில் திரும்பத் திரும்ப அதையே பாடிப் பாடி அது எங்கேயோ உயரத்துக்குப் போயிருந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ராவுத்தரின் மகள் கூட்டத்தில் நின்றவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு நடை மாறியது, துரிதம் பிடித்தது. சுற்றிலும் எல்லாரும் ஃபோனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். வாய் அகலமாகத் திறந்து, கண் இடுங்கி, இடது கை காற்றை வெட்ட, கம்ப்யூட்டர் திரையில் நான் பார்த்துப் பதறின அதே முகம். இப்போது அதை மறைக்க அவருக்குத் தோன்றவில்லை.

கடைசிப் பாட்டு வந்தது. கை தட்டல் மழை மாதிரி விழுந்தது, ஆடுகிறவர்கள் கால் தரையில் பாவவில்லை. என் மடியில் ஃபோன் ஒரு தடவை சத்தம் போட்டது. நான் எடுத்துப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய வலது காலை. ஒவ்வொரு அடிக்கும் அது மண்ணை அமுக்கியது, இன்னும் அமுக்கியது, புழுதி பறந்தது.

"மாமாவப் பாருக்கா, என்னா வேகம்!" என்றான் தம்பி.

"போகட்டும்டா" என்றேன்.